உப்பளச் சொல்லேடு: இழந்ததும் மீட்டதும்

இவ்வாண்டு மலருக்கு மரக்காணம் உப்பளச் சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று துறைத்தலைவர் பணித்தபோது யாம் சற்றுத் தயங்கினோம். அச்சொற்களைப் பற்றி எழுதுவதற்கு முன், அவை எம் கையாலேயே அழிந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அதனைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் அச்சிட்டால், அதில் வெறுமையாக நிற்கும் சில வரிசைகளுக்கு விளக்கம் இராது. படிப்போர் அவற்றை அச்சுப்பிழை என்று கருதிவிடுவர். ஆகவே சொற்பட்டியல் பிறிதோர் இடத்தில் வரட்டும்; ஈண்டு அதன் வரலாற்றை மட்டும் எழுதுகின்றோம்.

எம் இல்லம் இடையஞ்சாவடியில் உள்ளது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டிய செம்மண் ஊர் அது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இறங்கி வடக்கே பேருந்தேறினால் காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை எனக் கடந்து ஒரு மணி நேரத்தில் மரக்காணம் வந்துவிடும். செம்மண் மறைந்து, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பாத்தி கட்டிய உவர்நிலம் தொடங்கும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று கருதும் அறிஞர் உளர். உமணரைப் பற்றிப் பாடம் நடத்தும் தமிழாசிரியனுக்கு, இன்றும் உப்பு விளையும் கரை இத்துணை அருகில் இருப்பது பெரும்பேறு. எம் அத்தா கூனிமேட்டில் பிறந்தவர். மரக்காணத்து உப்பை மூட்டை பிடித்து விற்றவர். ஆதலின் எமக்கு அது குடும்பச் செய்தியும் ஆகும்.

2023 ஜனவரியில் மூன்றாமாண்டு மாணவ மாணவியர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு அளத்திற்குச் சென்றோம். தை பிறந்து வானம் வெளுத்த பின்னரே அங்கு வேலை சூடுபிடிக்கும்; ஐப்பசி மழை இறங்கும்வரை நடக்கும். பாத்தியைச் சீர்செய்து, மிதித்து இறுக்கி, உவர்நீர் கட்டி, வெயிலுக்கு விட்டு, பலகையால் வாரிக் குவித்து, அம்பாரமாக்கிக் கீற்று வேய்கின்றனர். உவர்நீரின் செறிவு போமே அளவியில் 25 பாகையை எட்டினால் உப்பு படியத் தொடங்கும் என்பது நூலறிவு. பாத்தியில் நிற்பவர்கள் அளவியைத் தேடுவதில்லை. நீரின் நிறத்தையும் காலில் ஒட்டும் பிசுக்கையும் கொண்டு, வாருவதற்கு இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுகின்றனர். அந்த நிறங்களுக்கும் பிசுக்குகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு என்பதை அறிந்தபோதுதான் இது ஒரு நாட்பணியன்று, பல பருவங்களுக்கு உரிய பணி என்பது எமக்கு விளங்கிற்று. அகராதியில் உள்ள சொற்கள் சில. அகராதி வேறு பொருள் கூறும் சொற்கள் பல. அகராதி அறியாத சொற்களும் இருந்தன.

மாணவர்க்கு ஒரு நெறி விதித்தோம். சொன்னவர் சொன்னபடியே முதலில் குறிப்பேட்டில் பேனாவால் எழுத வேண்டும். மாலையில் அதனைப் பார்த்துக் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும். குறிப்பேட்டைக் கிழிக்கவோ எறியவோ கூடாது. எம்.ஃபில். பட்டத்திற்குப் பதிப்பியல் பயின்றவர் யாம். மூலப்படிக்கும் வழிப்படிக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவர். கணிப்பொறியில் எக்செல் விரிதாள் ஒன்றைத் திறந்து, வரிசை எண், சொல், விளக்கம், சொன்னவர், ஊர், நாள், குறிப்பு என ஏழு பத்திகள் வகுத்தோம். 2024 செப்டம்பரில் அது 1,146 வரிசைகளாக வளர்ந்திருந்தது. அந்தக் கோப்பு ஒரே ஒரு பென் டிரைவில் இருந்தது. இணையத்தில் ஏற்றிவைக்குமாறு மாணவர் சிலர் கூறினர். ஏற்றினால் எவரேனும் எடுத்துத் தம் பெயரில் வெளியிட்டுவிடுவர் என்று அஞ்சி மறுத்துவிட்டோம். நாற்பதைக் கடந்த ஆசிரியர்களிடம் இவ்வச்சம் இயல்பாகக் காணப்படுவது. அதற்குமேல் அதற்கு நியாயம் ஏதும் இல்லை.

அந்த 1,146 வரிசைகளுள் இறுதி 41 வரிசைகள் ஓர் ஆயாவினுடையவை. மரக்காணத்து அளத்தில் சிறுமியாய்ப் பாத்தி மிதிக்கத் தொடங்கி முதுமை வரை உழைத்தவர். முழங்கால் ஓய்ந்தபின் இடையஞ்சாவடியில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். எம் தெருவுக்கு அடுத்த தெரு. இவரைத் தேடி யாம் எங்கும் செல்லவில்லை. எம் வீட்டுத் திண்ணையில் மாலை வேளையில் மாணவர் கூடிப் பேசுவதைக் கேட்டு அவரே வந்து அமர்ந்தார். மாணவி ஒருவர் கைப்பேசியை நீட்டியபோது ஆயா அதனைத் தள்ளிவிட்டார். “எய்திக்கோ பாய், கொரல மட்டும் புடிக்க வாணாம். நான் போன பொறவு அது கெடந்து பேசிக்கினு இருக்கும்” என்றார். அதன்பின் ஒலிப்பதிவு செய்யும்படி எவரும் அவரை வற்புறுத்தவில்லை.

ஆனால் எழுதிக்கொள்ளச் சொன்னவரிடம் யாம் எழுதவில்லை. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அவர் வந்த மாலைகளில் மாணவர் பெரும்பாலும் இல்லை. மடிக்கணிப்பொறி எம் முன் திறந்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல நேரே விரிதாளில் தட்டச்சு செய்தோம். மாணவர்க்கு விதித்த நெறி ஆசிரியர்க்கு இல்லை என்று எண்ணினோம் போலும். அக்டோபர் இறுதியில் ஆயா காலமானார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தது. மரக்காணத்தின் அளம் முழுதும் ஒரே நீர்ப்பரப்பாயிற்று. வானூர், மயிலம், திண்டிவனம் பகுதிகளில் வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. வீட்டையும் நூலையும் இழந்த மாணவர்களின் பட்டியலை மறுநாள் காலைக்குள் தந்தால் உதவி வழங்க நிர்வாகத்தினரும் ஊர்ப் பெரியவர்களும் ஆயத்தமாக இருக்கின்றனர் என்று கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது; மடிக்கணிப்பொறியில் அரை மணி நேரத்திற்கு மேல் உயிர் இல்லை. புதிதாகப் பத்திகள் வகுத்துக்கொண்டிருக்க நேரமின்றி, கட்டங்கள் வரைந்து ஆயத்தமாக இருந்த சொல்லேட்டுக் கோப்பையே திறந்தோம். உள்ளிருந்தவற்றை ஒருசேரத் தேர்ந்து நீக்கினோம். மாணவர் பெயர், ஊர், இழப்பு என்று 97 வரிசைகள் நிரப்பினோம். இறுதியில் ‘வேறு பெயரில் சேமி’ என்று ஆணையிட வேண்டியவர்கள், கைப்பழக்கத்தால் ‘சேமி’ என்று ஆணையிட்டுவிட்டோம். அழிக்க முயன்றால் “உறுதியாகவா?” என்று கேட்கும் கணிப்பொறி, சேமிக்கும்போது ஒன்றும் கேட்பதில்லை.

அந்தப் பட்டியல் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 97 பேருள் ஒருவரும் விடுபடவில்லை. அதனையும் இங்கே எழுதுவதற்குக் காரணம், தீமை செய்யும் நோக்கத்துடனோ சோம்பலாலோ ஏடுகள் அழிகின்றன என்று வகுப்பில் யாம் பேசி வந்ததுதான். நல்ல பணி ஒன்றின் அவசரத்திலும் அவை அழியும் என்பது அப்போது எம் பாடத்தில் இல்லை.

ஐந்து நாள்களுக்குப் பின், ஆயா சொன்ன ஒரு சொல்லைச் சரிபார்க்க வேண்டிக் கோப்பைத் திறந்தோம். முதல் வரிசையில் ஒரு மாணவரின் பெயர் நின்றது. வேறு கோப்பைத் திறந்துவிட்டோம் என்று மூடிவிட்டு மீண்டும் திறந்தோம். இவ்வாறு நான்கு முறை திறந்தோம். பின்பு மடிக்கணிப்பொறியை மூடிவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தோம். நெடுநேரம் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் எம் கல்லூரியின் கணிப்பொறித் துறை ஆசிரியர் ஒருவரிடம் பென் டிரைவைக் கொடுத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “ஐயா, இதற்குப் பிறகு இதில் எதையேனும் ஏற்றினீர்களா?” ஏற்றியிருந்தோம். வெள்ளச் சேதத்தைக் காட்டும் புகைப்படங்கள் முந்நூற்றுக்கு மேல் அதில் ஏற்றியிருந்தோம். அவர் முகம் வாடியது. பின்னர் அவர் விளக்கியதை எமக்கு விளங்கிய அளவில் எழுதுகின்றோம். மாணவச் செல்வங்களுக்கு என்றேனும் பயன்படலாம்.

எக்செல் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது பழைய கோப்பின்மீதே நேராக எழுதுவதில்லை. அருகில் தற்காலிகப் பெயரில் புதிய கோப்பு ஒன்றை எழுதி முடித்து, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றது. நீக்கப்பட்ட கோப்பு அப்போதே மறைந்துபோவதும் இல்லை. நூலகத்தில் பட்டியல் அட்டையைக் கிழித்துவிட்டால் நூல் அடுக்கிலேயே இருக்கும் அல்லவா? அதுபோல, அவ்விடம் பிறிதொன்றுக்குத் தேவைப்படும்வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். ஆகவே தவறு நேர்ந்தது தெரிந்தவுடன் அந்தச் சேமிப்புக் கருவியில் எதனையும் எழுதாமல் கழற்றி வைத்துவிட்டு, மீட்பு மென்பொருளை வேறொரு கணிப்பொறியிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இக்காலத்து மடிக்கணிப்பொறிகளின் உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பில் இவ்வாய்ப்பு மிகக் குறைவு. நீக்கியவற்றின் இடத்தை அது தானாகவே விரைந்து துடைத்துவிடும். கூகுள் விரிதாளிலோ ஒன்டிரைவிலோ வைத்திருந்தால் பழைய பதிப்புகளின் வரலாறு தனியே காக்கப்பட்டிருக்கும். முன்னாளைய நிலைக்குத் திரும்ப இரண்டு நொடி போதும். பிறர் எடுத்துவிடுவர் என்று அஞ்சி யாம் ஒதுக்கியது அதனைத்தான்.

ஆறுதலாக அவர் மற்றொரு செய்தியும் சொன்னார். 1969 ஜூலையில் மனிதர் நிலவில் நடந்த காட்சியைத் தரைநிலையங்களில் நேராகப் பதிந்த மூல நாடாக்களை நாசா நிறுவனம் பின்னாளில் தேடியது. அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டுவிட்டன என்ற முடிவை 2009-இல் அறிவித்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து பிறர் எடுத்து வைத்திருந்த படிகளைக் கொண்டே அக்காட்சி சீரமைக்கப்பட்டது. கேட்டுக்கொண்டோம். ஆறுதலாக இல்லை. நிலவுக் காட்சிக்குப் படிகள் இருந்தன. ஆயாவின் 41 வரிசைகளுக்கு எங்கே படி?

எம் நினைவு வேறொன்றை நாடியது. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் நூல்களை 10-ஆம் நூற்றாண்டில் ஒருவர் தோலேட்டில் படியெடுத்தார். 1229-இல் அவ்வெழுத்தைச் சுரண்டிக் கழுவி அதன்மேல் வழிபாட்டு நூல் ஒன்றை எழுதிவிட்டனர். 1906-இல் டென்மார்க்கு அறிஞர் ஹைபெர்க் அடியெழுத்தைக் கண்டு படித்தார். 1998-இல் அவ்வேடு ஏலம் போனபின், அமெரிக்காவின் பால்டிமோர் நகர வால்டர்ஸ் கலைக்கூடத்தின் மேற்பார்வையில் பன்னிற ஒளியிலும் எக்ஸ் கதிரிலும் படமெடுத்து, அவரால் படிக்க இயலாதவற்றையும் படித்தனர். தோல் மையை அத்துணை எளிதில் விடுவதில்லை. பென் டிரைவு அத்தகையதன்று. புகைப்படம் அமர்ந்த இடத்தில் அடியெழுத்து என்று ஒன்று இல்லை.

எனினும் முந்நூறு புகைப்படங்களும் பழைய கோப்பு முழுவதன்மேலும் அமர்ந்துவிடவில்லை. மூன்றாம் நாள் கணிப்பொறி ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, ஒரு பகுதி கிடைத்தது என்றார். ஓடினோம். கிடைத்தது விந்தையான பகுதி. 2007-ஆம் ஆண்டு எக்செல் முதல், விரிதாள் என்பது உண்மையில் பல சிறு கோப்புகளை மூட்டையாகக் கட்டிய ஒன்று. கட்டங்களின் அமைப்பு ஒரு சிறு கோப்பில் இருக்கும். அக்கட்டங்களில் வரும் சொற்றொடர்கள் எல்லாம் பிறிதொன்றில் ஒரே பட்டியலாக இருக்கும். ‘இக்கட்டத்தில் பட்டியலின் இத்தனையாவது தொடர்’ என்னும் எண் மட்டுமே முன்னதில் இருக்கும். எம் மூட்டையின் முற்பகுதியைப் புகைப்படங்கள் தின்றுவிட்டன, கட்டங்கள் போயின. பிற்பகுதியில் இருந்த சொற்றொடர்ப் பட்டியல் முழுதாகத் தப்பியது.

ஆகவே எல்லாச் சொற்களும் இருந்தன. எல்லா விளக்கங்களும் இருந்தன. சொன்னவர் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் இருந்தன. எது எதற்கு உரியது என்பது மட்டும் இல்லை. வரிசை எண்களும் நாள்களும் கட்டங்களோடு போயிருந்தன. அன்றியும் ஒரே சொல் பத்து வரிசைகளில் வந்திருந்தாலும் அப்பட்டியலில் ஒருமுறைதான் வரும். கயிறு அறுந்து ஒற்றை ஒற்றையாகச் சிதறிய ஓலைச்சுவடியைப் பதிப்பியல் வகுப்பில் வாயால் வருணித்திருக்கின்றோம். கையில் பெற்றது இதுவே முதல் முறை.

பொங்கல் விடுமுறையில் மாணவர்கள் வந்தனர். பன்னிருவரும் அதற்குள் படிப்பை முடித்து வெளியேறியிருந்தனர், ஒன்பதின்மர் வந்தனர். ஒருவர் சென்னையில் பணியிடத்தில் விடுப்பு எடுத்து வந்தார். பட்டியலை அச்சிட்டுத் துண்டு துண்டாக நறுக்கித் தமிழ்த்துறை அறையின் தரையில் பரப்பினோம். சொற்கள் ஒருபுறம், விளக்கங்கள் ஒருபுறம். காகிதம் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க அமர்ந்தோம். தேநீர் கொண்டுவந்த பணியாளர் கால் வைக்க இடமின்றி வாயிலிலேயே நின்றார்.

முதல் 400 வரிசைகள் எளிதாக மீண்டன. ஒரு கருத்தரங்கிற்கு எடுத்துச் செல்ல அவற்றை முன்பே அச்சிட்டிருந்தோம். சிவப்புப் பென்சிலில் திருத்தங்களுடன் அது எம் அலமாரியில் இருந்தது. 401 முதல் 1,105 வரை மாணவர்களின் குறிப்பேடுகள் கை கொடுத்தன. இருவர் குறிப்பேடுகள் வெள்ளத்தில் நனைந்து ஊறியிருந்தன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவர் எழுத்து அப்படியே நின்றது. ஜெல் பேனாவில் அழகாக எழுதியவர் எழுத்து நீலக் கறையாகப் பரவியிருந்தது. அவர் அழுதுவிட்டார். நல்வாய்ப்பாக, அவர் அன்றாடம் அளத்தில் பதிந்த ஒலித்துண்டுகளைத் தோழியர் குழுவிற்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். தோழி ஒருவர் எதனையும் அழிக்கும் வழக்கம் இல்லாதவர். அந்தச் சோம்பல் எமக்குப் பெருங்கொடையாயிற்று. ஒலியைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு துண்டாக இணைத்தோம். நாள்கள் சில மட்டும் ஐயத்திற்குரியனவாக நின்றன.

அந்நாள்களில் எம் அத்தாவின் கடை அடிக்கடி நினைவுக்கு வந்தது. உப்பு மூட்டை வந்ததும் போனதும் முதலில் சிட்டையில் ஏறும். இரவில் லாந்தர் ஒளியில் அத்தா அதனைப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேடு எழுதி முடிந்தாலும் சிட்டையை எறியமாட்டார். பிழை நேர்ந்தால் சுரண்டமாட்டார். ஒரு கோடிட்டு அடித்துவிட்டு அருகில் எழுதுவார். அழிப்பான் என்னும் பொருளே எம் கடையில் இருந்ததில்லை. பள்ளிக்கென்று யாம் வாங்கி வந்த அழிப்பானைக்கூடக் கணக்கு மேசைக்கு அருகில் கொண்டுவர அவர் விடவில்லை. “அடித்தது தெரிய வேண்டும்” என்பார். படிப்பறிவு குறைந்தவரின் பிடிவாதம் என்று அன்று எண்ணினோம்.

மாணவர்களின் சிட்டைகளால் 1,105 வரிசைகளும் மீண்டன. எம் பங்கிற்கு உரிய 41-க்கும் சிட்டை இல்லை.

பிறருடையவற்றை எல்லாம் எடுத்த பின் தரையில் எஞ்சிக் கிடந்தவை ஆயாவினுடையவை. எண்ணினோம். விளக்கங்கள் 41, சொற்கள் 38. மூன்று குறைந்தது ஏன் என்று முதலில் விளங்கவில்லை. ஆயா சொன்ன மூன்று சொற்கள் முன்பே பிறரும் சொன்னவையாக இருக்க வேண்டும். ஆயா அவற்றிற்கு வேறு பொருள் கூறியிருக்கிறார். அம்மூன்றும் ஆயிரம் சொற்களுள் எங்கோ மறைந்து நின்றன.

விளக்கத்திற்குள்ளேயே சொல்லும் வந்த வரிசைகள் 14. அவற்றை ஐயமின்றிச் சேர்த்தோம். எஞ்சியவற்றை எடுத்துக்கொண்டு ஆயாவின் மகளிடம் சென்றோம். தாய் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் அளத்தில் வேலை செய்தவர் அல்லர். சிறு வயதில் தாய்க்குச் சோறு எடுத்துச் சென்றவர். யாம் ஒவ்வொரு சொல்லாகப் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டார். சிலவற்றைக் கேட்டதும் சிரித்தார். ஒரு சொல்லைத் தாய் தம்மைத் திட்டும்போது சொல்வார் என்றார். அது பாத்தியின் அடிச்சேற்றைக் குறிக்கும் சொல் என்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. இரண்டு மாலைகளில் 16 சொற்கள் தம் இடத்தை அடைந்தன. அவருக்குத் தெரியாதவற்றைத் தெரியாது என்று சொல்ல அவர் சிறிதும் தயங்கவில்லை.

எஞ்சியவை 11 விளக்கங்களும் 8 சொற்களும். அவற்றுள் ஒரு விளக்கம், காற்று திசை மாறுவதற்கு முன் நீரின்மேல் தோன்றும் மெல்லிய ஏட்டைப் பற்றியது. அதனை ஆயா சொன்ன மாலை எமக்கு நன்றாக நினைவிருக்கின்றது. கையைத் தட்டையாக்கிக் காற்றில் மெல்ல அசைத்துக் காட்டினார். மசூதியில் மாலைத் தொழுகைக்கு அழைப்பு ஒலித்தது. “நீ போயிட்டு வா பாய், நான் குந்திக்கினு இருக்கேன்” என்றார். திரும்பி வந்து அச்சொல்லைத் தட்டச்சு செய்தோம். கை நினைவிருக்கின்றது, காற்று நினைவிருக்கின்றது, சொல் மட்டும் நினைவில் இல்லை. எட்டுச் சொற்களுள் இரண்டு அதற்குப் பொருந்தும் போலத் தோன்றுகின்றன. ஒன்று மிக அழகாகவே பொருந்துகின்றது.

அதனைச் சேர்த்துவிடலாம் என்று மாணவர் ஒருவர் சொன்னார். யார் மறுக்கப் போகிறார்கள் என்றும் கேட்டார். ஒரு வாரம் எமக்கும் அதே எண்ணம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. அது அழகாகப் பொருந்தியதுதான் எம்மைத் தடுத்தது. பொருந்தும் சொல்லைத் தேர்பவர் தமிழாசிரியர். பாத்தியில் நின்ற ஆயாவுக்கு அது பொருந்தியதா என்பதை எவ்வாறு அறிவது? உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 ஆகிய பாடல்கள் இன்றளவும் நமக்குக் கிடைக்கவில்லை. நற்றிணையில் 234-ஆம் பாடலும், ஐங்குறுநூற்றில் 129, 130-ஆம் பாடல்களும் இல்லை. அப்பதிப்பாசிரியர்களுக்குப் பாட்டு இயற்றத் தெரியாதா? அந்த எண்களை வெறுமையாக விட்டு அடுத்த எண்ணுக்குச் சென்றனர். எண்களை நெருக்கி இடைவெளியை மறைக்கவும் இல்லை. இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் தேர்வுக்காகச் சொல்லிக்கொடுத்தோம். அந்த வெற்றிடத்தை விடுவதற்கு எத்துணை மன உறுதி வேண்டும் என்பது 11 துண்டுத் தாள்களை எம் முன் வைத்துக்கொண்டு அமர்ந்தபோதுதான் தெரிந்தது.

ஆகவே 11 வரிசைகளில் விளக்கம் மட்டும் உண்டு. சொல்லுக்குரிய இடம் வெறுமை. எட்டுச் சொற்களும் தனித்தாளில் உள்ளன. அவற்றை இம்மலரில் அச்சிடவில்லை. அச்சேறிவிட்டால் யாரேனும் ஒருவர் பொருள் ஏற்றிவிடுவார். ஏறிய பொருளை இறக்குவது கடினம்.

இப்போது படிகள் நான்கு உள்ளன. ஒன்று இணையத்தில், ஒன்று கல்லூரி நூலகத்தில் அச்சுப்படியாக, ஒன்று சென்னையில் பணிபுரியும் மாணவரிடம், ஒன்று ஆயாவின் மகளிடம். நம் சமுதாயப் பெரியோர் அறிந்ததுதான்: உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏடுகளாகவே வழங்கி, 1842-இல் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் அச்சேறியது. ஒருவர் பெட்டியில் மட்டும் பூட்டியிருந்த ஏடாக இருந்தால் அது அவர் கைக்கு எட்டியிருக்குமா? செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த எழுத்தையெல்லாம் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டச் செய்தார். அவற்றைப் புதியனவாகக் காட்டிக்கொள்ளாமல் ‘பழங்கற்படி’ என்று குறிக்கவும் செய்தனர். எம் நான்கு படிகளின் முகப்பிலும் எது மூலக் குறிப்பேட்டிலிருந்து வந்தது, எது ஒலிப்பதிவிலிருந்து, எது மகளின் நினைவிலிருந்து என்று குறித்துள்ளோம்.

ஆயாவின் மகளுக்குப் படி கொடுத்தபோது, “இதுல எங்கம்மா எங்க இருக்காங்க?” என்று கேட்டார். 1,106 முதல் 1,146 வரை என்று காட்டினோம். வெறுமையான கட்டங்களைத் தொட்டு, இவை ஏன் இப்படி என்றார். எம் பிழையைச் சொன்னோம். அவர் எதுவும் பேசவில்லை. தாளை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, எமக்குக் காப்பி கொண்டுவந்தார்.

2025 பருவத்தில் மீண்டும் அளத்திற்குச் சென்றோம். பாத்திகளைப் புதிதாகக் கட்டி மிதித்துக்கொண்டிருந்தனர். நீரின்மேல் தோன்றும் மெல்லிய ஏட்டைப் பற்றி அங்கே ஒருவரைக் கேட்டோம். அவர் உடனே ஒரு சொல் சொன்னார். அது எஞ்சிய எட்டுச் சொற்களுள் ஒன்றன்று. எம் ஏட்டில் எங்கும் இல்லாத புதுச்சொல். ஆயா மறைந்த மூன்று சொற்களுள் ஒன்றாகவும் அது இருக்க இயலாது. குறிப்பேட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, அன்று மாலை 1,147 என்று தனி எண் கொடுத்து ஏற்றினோம்.